கல்லுக்குக் கிழக்கு எது

லாரியின் பின்கதவைத் திறந்ததும் சோப்புத்தூள் வாசனை அடித்தது.

பிறகுதான் கல்லைப் பார்த்தேன். ஐந்தடி நீளம், நாலடி அகலம், மூன்றரை அடி உயரம். அளவில் குறை இல்லை. உச்சியில் மழைத்தண்ணீர் தேங்கும் அந்தக் குழிவும் இருந்தது. ஆனால் பத்து நாளைக்கு முன்னால் சேவுகம்பட்டித் தோட்டத்தில் நான் பார்த்த கல்லின் மேல் கருப்பும் சாம்பலும் இளம்பச்சையுமாகப் பாசி படர்ந்திருந்தது. லாரியில் இருந்ததோ முகம் கழுவிக் கல்யாணத்துக்குக் கிளம்பிய கல்.

கல்லோடு வந்தவர் அய்யனார். என் கொழுந்தன் கிளெமென்ட், பைபாஸ் ரோட்டில் கல்பட்டறை வைத்திருக்கிறான். அங்கே பதினெட்டு வருசமாக வேலை பார்ப்பவர் இவர்.

"அய்யனாரண்ணே, கல்ல என்ன செஞ்சீங்க?"

"கழுவுனேன் மேடம். கம்பி பிரஷ் போட்டு ரெண்டு தரம். ஒரே பாசி. அம்புட்டும் போயிருச்சு" என்றார் பெருமையாக.

"யாரு கழுவச் சொன்னது?"

"இத யாரு சொல்லணும்? எங்க பட்டறையில இருந்து இன்ன வரைக்கும் ஒரு கல்லு அழுக்கோட வெளிய போனதில்ல. கல்லறைக் கல்லா இருந்தாலும் சரி, ஆட்டுக்கல்லா இருந்தாலும் சரி."

"அந்தப் பாசிக்காகத்தானே இந்தக் கல்லையே எடுத்தோம்?"

"பாசி பிரியாணிக்குப் போடுறது மேடம். கல்லு மேல அது எதுக்கு?"

எனக்கு அடுத்த கேள்வி கேட்கவே பயமாக இருந்தது. "மஞ்சப் பெயிண்டுல ஒரு அம்புக்குறி போட்டிருந்தேனே? வடக்குன்னு எழுதி?"

"அத ஏன் கேக்குறீக? அது ஒண்ணுதான் பிரஷுக்குப் போகல. தின்னர் ஊத்தித்தான் எடுத்தேன்."

இந்த அம்புக்குறி எதற்கு என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

நான் தோட்டம் அமைத்துக் கொடுக்கிறவள். திண்டுக்கல்லில் இந்த வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: கம்பளம் போலக் கொரியன் புல், ஓரத்தில் குரோட்டன்ஸ், நடுவில் ஒரு நீரூற்று. பொன்மலர் நகர் குடியிருப்போர் சங்கமும் தங்கள் பூங்காவுக்கு அதையேதான் கேட்டது. முக்கால் பங்கு இடத்தில் கேட்டதைச் செய்துகொடுத்தேன். மிச்சமிருந்த தென்கிழக்கு மூலையை மட்டும் என் போக்கில் விடும்படி கடிதம் எழுதினேன். நம்மைச் சுற்றியுள்ள மேட்டுக்காட்டில் எது தானாக வளர்கிறதோ, அதை அப்படியே ஊருக்குள் கொண்டுவந்து வைக்கலாம். நடுவில் காட்டுக்கல் ஒன்று. கிளெமென்ட் அதில் உளி வைப்பான், ஆனால் உளி பட்டதே தெரியாத மாதிரி வைப்பான் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கியிருந்தேன்.

சங்கச் செயலாளர் முகமது பாரூக். ஊரில் எல்லாருக்கும் பாரூக் பாய். முப்பது வருசமாகப் பூட்டுக்கடை நடத்துகிறார். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "கொழுஞ்சி, தும்பை, ஆவாரை. ஏம்மா ஜோஸ்பின், இதப் புடுங்கத்தானே மாசாமாசம் ஆள் விடுறோம்? நீ வந்து நடுறேங்கிற" என்றார்.

நான் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினேன். அந்தக் கல்லின் ஒரு பக்கத்தில் கட்டைவிரல் நுழையும் அளவில் முழங்கை ஆழத்துக்கு ஒரு துளை இருக்கிறது. யாரோ ஒரு காலத்தில் வெடி வைக்கப் போட்டுவிட்டு, வெடிக்காமல் விட்டுப் போன துளை. அதற்குள் ஒரு கருத்த தேனீ போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. கூட்டமாக வாழாமல் தனித்தனியாக வாழ்கிற இனம். பொந்துக்குள் ஒவ்வொரு முட்டைக்கும் ஒவ்வோர் அறை கட்டி, அதில் மகரந்தம் வைத்து, கடைசியில் வாசலை மரப்பிசினால் அடைத்துவிட்டுப் போய்விடும். உள்ளே இருக்கிற குஞ்சு தானாகத்தான் வளர்ந்து, தானாகத்தான் திறந்துகொண்டு வர வேண்டும்.

பாரூக் பாய் அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தார். அப்புறம் தீர்மான நோட்டை எடுத்து எழுதினார். பூங்கா திறக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கல்லில் இந்தத் தேனீயைக் காட்டிவிட்டால் மூலை என் போக்கில் இருக்கலாம். காட்டாவிட்டால் அங்கேயும் புல். நடுவில் ஒரு சிமெண்டு ஒட்டகச்சிவிங்கி. நானும் கையெழுத்துப் போட்டேன்.

கல்லை எடுக்கும்போது துளை பிசினால் அடைபட்டிருந்தது. உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன என்று அர்த்தம். தோட்டத்தில் அந்தத் துளை எந்தத் திசையைப் பார்த்திருந்ததோ அதே திசையைப் பார்க்கும்படி இங்கேயும் கல்லை வைக்க வேண்டும். எந்நேரத்து வெயில் வாசலில் விழுகிறது என்பதுதான் உள்ளே இருக்கிற குஞ்சு வெளியே வருவதற்குக் கணக்கு. அதற்காகத்தான் அம்புக்குறி.

"அந்த ஓட்டையையும் கழுவினீங்களாண்ணே?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"அதெப்படி? துணிய உருட்டி அடச்சிட்டுல்ல கழுவுனேன். துளை போட்ட கல்லுக்குத் துணி அடைக்காம எங்க பட்டறையில தண்ணி ஊத்த மாட்டோம். உள்ள சேறு போயிட்டா யாரு எடுக்குறது?"

அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கல்லை இறக்கிய ஹைட்ரா கிரேன் வண்டிக்காரர் அதை இரண்டு கட்டைகளின் மேல் வைத்துவிட்டு, "நாளான்னிக்குக் காலையில ஏழு மணிக்கு வாரேன். குழியில வச்சா வச்சதுதான். அப்புறம் திருப்பணும் நிமிர்த்தணும்னு போன் பண்ணாதீக, நான் கரூர்ப் பக்கம் போயிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கிளெமென்ட் ஒட்டன்சத்திரத்தில் மாதா சிலை வைக்கும் ஒரு கெபி வேலையை முடித்துவிட்டு நேராக வந்தான். கல்லைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மதினி, போட்டோ எடுத்தீங்கல்ல? அதப் பாத்து வச்சுருவோம்."

எடுத்திருந்தேன். நாற்பத்து மூன்று படங்கள். பாசியின் மடிப்பு, துளையின் வாய், குழிவில் நீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு தவிட்டுக்குருவி. எல்லாம் கிட்டத்தில் வைத்து எடுத்தவை. கல்லை முழுசாக, பின்னால் மலையோ மரமோ தெரிகிற மாதிரி ஒரே ஒரு படம்கூட இல்லை. அம்புக்குறி இருக்கிறதே என்ற தைரியம். இப்போது அந்தப் படங்களில் இருந்த பாசிதான் கல்லிலேயே இல்லையே.

தோட்டத்துக்காரர் மோகன்குமாருக்குப் போன் போட்டேன். கல் இருந்த இடத்தை அன்றைக்கே நிரவிச் சம்பங்கி வைத்துவிட்டதாகச் சொன்னார்.

"அந்தக் கல்லுல ஓட்டை எந்தப் பக்கம் பாத்திருந்துச்சுங்க?"

"ஓட்டையா? கல்லுல ஓட்டை இருந்துச்சா?"

"சரி, கல்லோட முகம் எந்தப் பக்கம்?"

"கல்லுக்கு ஏதுங்க மொகம்? எல்லாப் பக்கமும் கல்லுதான்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

பிரஷ் போட்டுத் தேய்த்தும் கல்லின் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கருமையாக நின்றது. கிளெமென்ட் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஈரம் ரொம்ப நாள் நின்ன பக்கம் இது. வெயில் படாத பக்கம். அப்ப இதான் வடக்கு" என்று சாக்பீஸால் கோடு போட்டான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்படி வைத்தால் துளை தென்மேற்கைப் பார்க்கும்.

"வடக்கத் தேடுறீகளா?" என்று குரல் கேட்டது. பாரூக் பாய். மாலைத் தொழுகை முடிந்து நடைக்கு வந்தவர். கைபேசியில் கிப்லா, அதாவது தொழும் திசை, காட்டுகிற செயலியைத் திறந்து கல்லின் மேல் வைத்தார். "வடக்கு இந்தா இருக்கு. இதுல என்ன குழப்பம்?"

"பாய், ஊருக்கு வடக்குத் தெரியும். இந்தக் கல்லுக்கு வடக்கு எதுன்னுதான் தெரியல."

நடந்ததைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "காட்டக் கொண்டாரேன்னு சொல்லி, குளிப்பாட்டிக் கொண்டாந்திருக்கீங்க! எனக்கென்ன, ஒட்டகச்சிவிங்கிக்குச் சொல்லிரட்டுமா?" என்றார். ஆனால் போகவில்லை. கல்லை ஒரு சுற்று வந்தார். மறுபடியும் ஒரு சுற்று. கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு மூன்றாவது சுற்று.

"ஏலே கிளெமென்ட், இங்க கைய வையி."

கல்லின் மேல்விளிம்பில் ஓரிடம். ஒரு சாண் நீளத்துக்கு லேசாக உள்வாங்கி, மாவு தேய்த்த மாதிரி வழவழவென்று இருந்தது. துளைக்கு ஒரு முழம் தள்ளி.

"மழை தேச்சதா இருக்கும் பாய்" என்றான் கிளெமென்ட்.

"சிற்பியாடா நீ? மழை தேச்சா மேல பூராத்தானே தேயும்? இது இரும்பு தேச்சது. ஒரே ஆள், ஒரே பக்கமா இழுத்து இழுத்து, வருசக்கணக்கா. சாவி போட்டுப் போட்டுத் தேஞ்ச பூட்ட நான் எத்தன பாத்திருக்கேன்? யாரு தொறந்தா, எந்தக் கையால தொறந்தான்னு சொல்லுவேன். இதுல எவனோ அருவா தீட்டியிருக்கான்."

அந்த இருட்டுகிற நேரத்தில் மூன்று பேரும் அந்த ஒரு சாண் இடத்தை மாறி மாறித் தடவிக்கொண்டிருந்தோம். காட்டுக்கல் என்று நான் கடிதத்தில் எழுதியிருந்தேன். அதில் வெடிக்குழி இருந்தது. இப்போது அரிவாள் தடமும் இருக்கிறது. யாரும் தொடாத கல் என்று ஒன்று இந்த ஜில்லாவில் இருக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

மோகன்குமாருக்கு மறுபடியும் போன் போட்டேன்.

"அருவா தீட்டுனது நான் இல்லீங்க. அவதான்" என்று மனைவியிடம் கொடுத்தார்.

அவர் மனைவி புவனேஸ்வரி. முப்பத்தைந்து வயசு இருக்கும். கல்லை எடுக்கப் போன அன்றைக்கு எங்களுக்கு மோர் கொடுத்தவர்.

"ஆமாக்கா, நான்தேன். கல்யாணமாகி வந்ததுல இருந்து மாட்டுக்குத் தட்டை அறுக்கப் போகையில அதுலதான் தீட்டிக்குவேன்."

"தீட்டுற இடம் கல்லுக்கு எந்தப் பக்கம்மா?"

"வாயில சொல்லிப்புட்டு அப்புறம் தப்பாப் போச்சுன்னா? என்னைக்கு அதெல்லாம் பாத்தேன்? அருவாளக் கையில எடுத்தா காலு தானா அங்க போகும். நாளான்னிக்கு மார்க்கெட்டுல பூப் போட முத பஸ்ஸுல திண்டுக்கல்லுதான் வாரேன். நேருல வந்து பாக்கவா?"

நாளான்னிக்குத்தான் ஹைட்ரா வரும். வேறு வழியும் இல்லை.

அன்றைக்குக் காலை ஏழு மணிக்குக் கல்லின் இடுப்பில் பெல்ட் போட்டுத் தூக்கியாகிவிட்டது. குழியில் சல்லியும் மணலும் கொட்டித் தயாராக இருந்தது. அய்யனார் கடப்பாரையோடு நின்றார். பாரூக் பாய் சாயாக் கோப்பையோடு நின்றார். கிளெமென்ட் போட்ட சாக்பீஸ் கோடு வடக்கே பார்க்கும்படி வண்டிக்காரர் கல்லைத் திருப்பி வைத்துக்கொண்டு, "இறக்கவா?" என்றார்.

"செத்த நேரம் பொறுங்க" என்றேன்.

"செத்த நேரம் செத்த நேரம்னு ஏழே கால் ஆச்சு."

அப்போதுதான் புவனேஸ்வரி ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் மஞ்சப்பை. அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய அரிவாள்.

"கண்டக்டர் பையில என்னான்னு கேட்டான். அருவான்னேன். அதுக்குப் பெறகு பக்கத்து சீட்டுல ஒருத்தரும் உக்காரல" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், தொங்கிக்கொண்டிருந்த கல்லைப் பார்த்து நின்றுவிட்டார். "இதா எங்க கல்லு? அய்ய! ஒரு மாதிரி நோயில கெடந்து எந்திரிச்ச மாதிரில்ல இருக்கு?"

அய்யனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லைக் குழிக்கு ஒரு சாண் மேலே இறக்கி நிறுத்தச் சொன்னேன். புவனேஸ்வரி அரிவாளை எடுத்துக்கொண்டு கல்லைச் சுற்றினார். முதல் சுற்றில் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது சுற்றில் பாரூக் பாய் காட்டிய அந்த இடத்துக்கு நேரே கால் நின்றது. காலை அகட்டி ஊன்றிக்கொண்டார். அரிவாள் போய்த் தடத்தில் உட்கார்ந்தது. இரண்டு இழுப்பு இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கையை நிறுத்திவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சரியில்லக்கா."

"இடம் அது இல்லையா?"

"எடம் இதேதான். வெயில் சரியில்ல. கண்ணுக்குள்ள அடிக்குது. அங்க முதுகுல அடிக்கும். காலையில ஏழு, ஏழரைக்குத்தான் தட்டைக்குப் போவேன். மொகத்துல வெயில் அடிச்சா அருவா வாய் தெரியாதுல்ல? முதுகு காஞ்சாத்தான் எனக்குத் தீட்ட வரும்."

கிளெமென்ட் என்னைப் பார்த்தான். நான் வண்டிக்காரரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"மெதுவாத் திருப்புங்கண்ணே" என்றேன்.

கல் அந்தரத்தில் அசைந்து திரும்ப ஆரம்பித்தது. அய்யனாரும் கிளெமென்டும் ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள். புவனேஸ்வரி தடத்தின் மேல் ஒரு கையை வைத்தபடியே கல்லோடு பின்னால் பின்னால் நடந்தார். சூரியன் முதலில் அவர் முகத்தில் இருந்தது. பிறகு தோளுக்கு வந்தது.

"இன்னும்."

காதுக்குப் பின்னால் போனது.

"இன்னும் செத்த. இங்கிட்டு. இங்கிட்டு வாங்க. ஆங்... நிப்பாட்டு!"

மறுபடியும் காலை ஊன்றி இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். பாரூக் பாய் கைபேசியை எடுத்துக் கல்லின் மேல் வைத்துப் பார்த்தார். கிளெமென்ட் வடக்கு என்று போட்ட கோடு இப்போது மேற்கே நின்றது. துளை தென்கிழக்கைப் பார்த்தது.

"அப்ப அந்தக் கருத்த பக்கம்?" என்று கிளெமென்ட் விடாமல் கேட்டான்.

"மேக்க பெரிய வேம்பு ஒண்ணு நின்னுச்சு தம்பி. போன வருசந்தேன் வெட்டுனாக. அது நெழலு பூரா அந்தப் பக்கந்தான் கெடக்கும். ஈரங் காயவே காயாது."

கிளெமென்ட் போய்ச் சாக்பீஸ் கோட்டைக் கையால் அழித்தான்.

கல் இறங்கிய பிறகு துணியை உருவினேன். கட்டைவிரல் நீளம் உள்ளே, பழுப்பாக, சின்ன மணல் பொடி பதித்த பிசின் மூடி அப்படியே இருந்தது. பாரூக் பாய் மண்டியிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பூட்டுக்குள் பார்க்கிற மாதிரியே. "நல்லா பூட்டியிருக்கு" என்று மட்டும் சொன்னார். புவனேஸ்வரி அரிவாளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, "இனி நான் எதுல தீட்ட?" என்று கேட்டார். கிளெமென்ட் பட்டறையில் இருந்து நல்ல சாணைக்கல்லாக ஒன்று கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். "அதுவும் கழுவித்தான் வரும்" என்றார் அய்யனார்.

அடுத்து வந்த நாட்களில் கிளெமென்ட் தன் வேலையைச் செய்தான். உச்சிக் குழிவில் தண்ணீர் ஊற்றி, அது எந்த வழியாக வழிய நினைக்கிறது என்று பார்த்துப் பார்த்து, அந்த வழியில் மட்டும் உளி வைத்தான். கிழக்குச் சரிவில் சுண்டுவிரல் அகலத்தில் ஒரு வளைந்த தாரை. அரிவாள் தடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் சுற்றிக்கொண்டு போய்விட்டான். தண்ணீர் சொட்டும் இடத்தில் நான் கொழுஞ்சி வைத்தேன். பாசி மட்டும் வரவில்லை. வடக்குப் பக்கத்து வெடிப்பு ஒன்றில் காசளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். அது பரவ நாலைந்து வருசம் ஆகும். அந்த வெடிப்புப் பக்கம் அய்யனாரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தேனீ வரவில்லை.

எட்டு மணிக்கே குடும்பம் குடும்பமாக வந்துவிட்டார்கள். வெயில் சரியாகத் துளைக்குள் விழுந்தது. எல்லாரும் வரிசையில் நின்று குனிந்து குனிந்து பார்த்தார்கள். பிசின் மூடி பிசின் மூடியாகவே இருந்தது. பத்து மணிக்குச் சங்கத்து ஆட்கள் சேர் போட்டு உட்கார்ந்தார்கள். பொருளாளர் சிவபிரகாஷ் தீர்மான நோட்டைத் திறந்தார்.

"எழுதுனது எழுதுனதுதானே மேடம்? திங்கக்கிழமை புல்லுக்காரன வரச் சொல்லிரலாமா?"

நான் கையெழுத்துப் போட்டவள். என்ன சொல்ல முடியும்? தலையாட்டினேன்.

"இரப்பா" என்றார் பாரூக் பாய். அவர் இன்னும் கல்லின் முன்னால்தான் குந்தியிருந்தார். அங்கிருந்தபடியே பேசினார். "பூட்டுன வீட்ட உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு பாக்காம இடிக்கலாமா?"

"பாய், தேதி எழுதுனதே நீங்கதான்."

"நான் தேதி எழுதுனது நமக்கு. அதுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? எனக்கு இந்த மூடி உள்ள இருந்து தொறக்குதா, இல்ல சும்மா காலிப் பூட்டான்னு தெரிஞ்சாகணும். இன்னும் ஒரு வாரம் எழுது. அதுக்கு மேல நானே புல்லு போடுறேன்."

சிவபிரகாஷ் முணுமுணுத்தபடி தேதியை மாற்றி எழுதினார். நான் மறுபடியும் கையெழுத்துப் போட்டேன்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காலையில் போய்ப் பார்த்தேன். என்னுடைய நோட்டில் இரண்டு நாளுக்கும் 'மாற்றம் இல்லை' என்று எழுதினேன். இரண்டு நாளும் பாரூக் பாய் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். கடை திறக்க நேரமாகிவிட்டது என்று போன் வந்துகொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

புதன்கிழமை நான் சின்னாளப்பட்டியில் வேறு ஒரு வேலைக்காகப் போயிருந்தேன். ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் பாரூக் பாய் கூப்பிட்டார்.

"ஏம்மா ஜோஸ்பின். கதவு தொறந்திருச்சு."

"பாத்தீங்களா பாய்? தேனீயப் பாத்தீங்களா?"

"பாக்கல. சாயா வாங்கப் போயிட்டேன், இந்த அஞ்சு நிமிசத்துல. வந்து பாக்கேன், மூடியில பட்டாணி அளவுக்கு ஓட்டை."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "பாய், எறும்பா இருக்கலாம். யாராச்சும் குச்சியால குத்தியிருக்கலாம். சிவபிரகாஷ் சார் ஒத்துக்க மாட்டாரு."

"அவன் கெடக்கான். வெளிய இருந்து குத்தினா தூள் எங்க விழும்? உள்ள விழும். இங்க பிசின் தூள் பூரா வெளிய, வாசப்படியில கெடக்கு. ஓட்டையோட ஓரம் வெளிப்பக்கம் பாத்துப் பிதுங்கியிருக்கு. முப்பது வருசமா பூட்டு ஒடச்சத ஒடைக்காததப் பாக்குறவன் நான். உள்ள இருந்து தொறந்திருக்கும்மா. சாவியும் அதோடதுதான்."

அவர் குரல் மெல்ல இறங்கியது.

"செத்த இரு. வைக்காத. உள்ள இன்னொண்ணு அசையுது."